மாசியில் தலை கறுக்கும் கடற்காக்கை

அந்தக் காலத்தில் கடற்காக்கைக்கு உச்சி முதல் கழுத்து வரை ஒரே வெள்ளை. ஐப்பசியானாலும் மாசியானாலும் வெள்ளைதான். வாயும் இருந்தது. இப்போதும் இருக்கிறது, கத்துவதற்கு. அப்போது பேசுவதற்கு இருந்தது. கரைப் பறவைகள் எல்லாமே பேசின. உப்புக்கொத்தி சுருக்கமாகப் பேசும். உள்ளான் ஓடிக்கொண்டே பேசும். பாதிப் பேச்சு அலைக்கு இந்தப் பக்கம் கேட்கும், மீதியைக் கேட்க அந்தப் பக்கம் போக வேண்டும். ஆலா யாரிடமும் பேசாது, தனக்கு ஏதோ பெரிய வேலை இருப்பதுபோல் போய்விடும். கடற்காக்கை மட்டும் பேச ஆரம்பித்தால் நிறுத்தாது.

தெற்குக் கடற்கரையில் அப்போது கிளிஞ்சித்துறை என்று ஓர் ஊர் இருந்தது. கடலுக்குள் கல்பார் என்னும் பாறைத்திட்டு வளைந்து ஓடி அலையைத் தடுத்ததால், அதன் உள்பக்கத்துத் தண்ணீர் குளம்போல் அசையாமல் கிடக்கும். வள்ளங்கள் அங்கேதான் நின்றன. பாரின் நடுவில் ஒரே ஒரு திறப்பு. அதை வாய் என்பார்கள். வாய்க்கு உள்ளே இருக்கும்வரை துறை, தாண்டினால் கடல்.

ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விடிந்ததும் ஒருத்தி மணல்மேட்டில் ஏறி நின்று, காற்றும் மீனும் எப்படி என்று அறியக் கரையிலுள்ள பறவைகளைப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்து அவள் கொடித்துணியை ஏற்றினால்தான் வள்ளம் வாயைத் தாண்டலாம். ஏற்றாவிட்டால் எவ்வளவு பெரிய மனிதரின் வள்ளமானாலும் கரையில் கிடக்க வேண்டியதுதான். அவளுக்குப் பார்வைக்காரி என்று பேர். ஆண்கள் எல்லாம் கடலுக்குப் போய்விடுவதால் அந்த வேலை பெண்களிடமே இருந்தது. மதிப்பான வேலை, மீனில் முதல் கூறு அவள் வீட்டுக்குத்தான் போகும். ஆனால் பார்வை தப்பி ஓர் உயிர் போய்விட்டால் அவளை ஊரே விலக்கி வைத்துவிடும். அடுப்புக்கு நெருப்புக் கொடுக்க மாட்டார்கள், கிணற்றில் வாளி போட விடமாட்டார்கள். அப்படி விலக்கப்பட்டவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்தக் கதை நடந்தபோது பார்வைக்காரியாக இருந்தவள் நீலாயி. கண் நல்ல கூர்மை. பாருக்கு அப்பால் பறக்கிற ஆலாவின் அலகில் இருப்பது சாளையா நெத்திலியா என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். பொறுமைதான் கொஞ்சம் கம்மி. சோறு கொதிக்கும்போது மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ரகம். அவள் புருஷன் பலவேசம் கலப்பத்து வேலை செய்கிறவன். வள்ளத்தின் பலகை இடுக்குகளில் தேங்காய் நாரை அடைத்து, தண்ணீர் புகாமல் மேலே கீல் பூசுவது அவன் தொழில். குங்கிலியத்தையும் சுறா எண்ணெயையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சினால் கருந்தவிட்டு நிறத்தில் ஒரு பிசின் வரும், அதுதான் கீல். ஒட்டினால் லேசில் விடாது. பலவேசத்தின் நகங்களை அவன் தாயாரே சுத்தமாகப் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன.

பறவை பார்ப்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வேலையாகவே தெரியாது. எது எங்கே உட்கார்ந்திருக்கிறது, அலகு எந்தப் பக்கம், யார் மேய்கிறார்கள், யார் மேயாமல் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஆலாக்கள் பாருக்கு உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். பார்த்ததை ஒன்றோடு ஒன்று சேர்த்து யோசிக்க வேண்டும். அதற்குள் வெயில் ஏறிவிடும். கீழே துடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"ஏ நீலாயி, கொடியை ஏத்துதியா, இல்ல நாங்க வீட்டுக்குப் போயி படுக்கவா?" என்று கத்துவார்கள்.

அதனால் அவள் குறுக்கு வழி ஒன்று கண்டுபிடித்தாள். பறவைகளைப் பார்ப்பதற்குப் பதிலாக, அவற்றிடமே கேட்டுவிடுவது. அதிலும் கடற்காக்கைகளிடம் கேட்பது. ஏனென்றால் கடலில் அவை போகாத இடமில்லை. ஆனால் கேட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். தெற்கே சாளை என்று ஒன்று சொல்லும். வடக்கே வாளை என்று இன்னொன்று. எங்கேயும் ஒன்றும் கிடையாது, முதலில் எனக்கு ஒரு மீன் போடு என்று மற்றொன்று. இவற்றில் பெரிய புளுகு மூட்டை சலம்பி என்ற கிழட்டுக் காக்கை. சாளை வருகிறது என்று அது சொன்னால் அன்றைக்கு வலையில் பாசிதான் வரும்.

ஒருநாள் இந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு குரல் மட்டும் தணிவாகக் கேட்டது.

"மைனி, இவுக சொல்லுததைக் கேட்டீங்கன்னா இன்னைக்கு வெறும் வலையோடதான் வருவாக. வாயைத் தாண்டி நேரா கிழக்க போகச் சொல்லுங்க. தண்ணி நிறம் மாறுத இடத்துல சாளை கிடக்கு."

நீலாயி திரும்பிப் பார்த்தாள். மெலிந்த, இளசான ஒரு பெட்டைக் காக்கை.

"நான் உனக்கு எப்படி மைனி ஆனேன்?"

"பலவேசம் அண்ணன் கீல் பூசுன வள்ளத்துப் பின்னாலதான் நான் தினமும் பறக்கேன். வேற யாரு பூசுனாலும் ஒழுகுது. அதனால அவுக எனக்கு அண்ணன். அப்ப நீங்க யாரு?"

நீலாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வள்ளங்களைக் கிழக்கே போகச் சொன்னாள். சாயங்காலம் வள்ளத்தின் விளிம்புவரை சாளை நிரம்பி வந்தது. மறுநாளும் அந்தக் காக்கை சொன்னது பலித்தது. அதற்கு மறுநாள் அவள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் விழித்தாள். கூட்டத்தில் எது அந்தக் காக்கை? எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே சிவப்பு அலகு, ஒரே சத்தம். "நான்தான் மைனி நேத்துச் சொன்னது" என்று முதலில் வந்து நின்றதே சலம்பிதான்.

அன்று சாயங்காலம் அந்த இளம் காக்கை தானாக வந்தபோது நீலாயி அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பலவேசத்தின் சட்டியிலிருந்து சுண்டுவிரல் நுனியில் கொஞ்சம் கீல் எடுத்து, கண்ணுக்குப் பின்னால், காது இருக்கிற இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள். வேறு எங்கே வைத்தாலும் காக்கை அலகால் கோதி எடுத்துவிடும். தன் தலைக்குத் தன் அலகு எட்டாது.

"குளுந்து கிடக்கு மைனி" என்றது காக்கை.

"காயட்டும். இனிமே ஊரு உன்னை மட்டும்தான் நம்பும்" என்றாள் நீலாயி.

அப்படியே ஆயிற்று. மச்சக்காரி என்று ஊர் அதற்குப் பேர் வைத்தது. காலையில் நீலாயி மேட்டில் ஏறுவாள், மச்சக்காரி வரும், மீன் எங்கே என்று கேட்பாள், அது சொல்லும், கொடி ஏறும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்தது. துறை செழித்தது. கருவாட்டுக்கு உப்புப் போதவில்லை என்று பெண்கள் அலுத்துக்கொண்டார்கள். தலைவர் சாத்தப்பர் தம் வாயாலேயே நீலாயியைப் புகழ்ந்தார். அவர் லேசில் யாரையும் புகழ்கிறவர் இல்லை.

மற்ற கடற்காக்கைகளுக்கு வயிறு எரிந்தது. மச்சக்காரி உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவை எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தன. "வந்துட்டா, பொட்டு வச்ச மகாராணி" என்று சலம்பி சொல்லும். மச்சக்காரிக்கு நீலாயியின் கையிலிருந்து சாப்பிடுவதே போதுமாக இருந்தது.

நீலாயி அப்புறம் மற்றப் பறவைகளைப் பார்க்கவே இல்லை. பார்க்கக் கூடாது என்று அவள் முடிவு செய்யவில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். உப்புக்கொத்திகள் வந்தன, உள்ளான்கள் ஓடின, எல்லாம் அவள் கண்ணெதிரில்தான். அவள் கண் மச்சக்காரியின் பொட்டை மட்டுமே தேடும்.

மாசி பிறந்தது. பனி விட்டு வெயிலில் கொஞ்சம் காரம் ஏறியிருந்தது. ஒருநாள் காலை கடல் அப்படியே எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. பாரில்கூட அலை இல்லை. நீலாயி மேட்டில் ஏறினாள். மச்சக்காரி வந்தது.

"மீன் எங்க?"

"பாருக்கு வெளிய, எட்டத்துல, சீலா கூட்டம் நிக்கு மைனி. அவ்வளவு பெரிய கூட்டம் நான் பாத்ததே இல்ல."

நீலாயி கொடியை ஏற்றினாள். நல்ல விலை போகிற சீலா என்று கேட்டதும் கீழே ஒரே ஆரவாரம். முதல் வள்ளம் தலைவரின் மகன் தளவாயினுடையது. கல்யாணம் பேசியிருந்த பையன். போகிற போக்கில் மேட்டைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனான். எல்லா வள்ளங்களும் வாயைத் தாண்டின.

அந்த நேரத்தில் கரையிலிருந்த அத்தனை பறவைகளும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. உப்புக்கொத்தி, உள்ளான், ஆலா, நாரை, சலம்பி முதலான கடற்காக்கைகள் எல்லாம் ஒரே பக்கம் அலகை வைத்துக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு இருந்தன. பறவை எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் உட்காரும், இல்லாவிட்டால் இறகு கலைந்துவிடும். கரைப்பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தால் கரையிலிருந்து கச்சான் காற்று வரப்போகிறது என்று அர்த்தம். கச்சான் ஒரு கள்ளக் காற்று. நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பதால் துறையில் அலை எழும்பாது, கரையில் நிற்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. வெளியே இருக்கிற வள்ளத்தை மட்டும் தள்ளிக்கொண்டு போய்விடும். பார்வைக்காரி வேலைக்கு வருகிற எவளும் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான்.

உச்சிவெயிலில் கச்சான் இறங்கியது. பாயைச் சுருட்டித் துடுப்புப் போட்டவர்கள் எப்படியோ திரும்பி வந்தார்கள். பாதி வள்ளங்கள் பாரில் மோதிப் பலகை விட்டு வந்தன. தளவாயின் வள்ளம்தான் எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும்விட எட்டத்தில் இருந்தது. அது வரவில்லை. மறுநாள் அதன் பாய்மரக் கழியும் ஒரு துடுப்பும் கிடைத்தன. தளவாயும் அவனோடு போன இரண்டு பேரும் கிடைக்கவே இல்லை.

மூன்று வீட்டு அழுகையும் ஓய்ந்தபிறகு, தலைவர் சாத்தப்பர் ஊரைத் துறையில் கூட்டினார். அழுது அழுது அவருக்குக் குரல் கட்டிப்போயிருந்தது.

"அந்தக் காக்கா பொய் சொல்லிட்டுது. எம்மகனை வெளிய கூட்டிட்டுப் போயிக் கொன்னுட்டுது. அதை நான் விடமாட்டேன். நீலாயி!"

"சொல்லுங்க தலைவரே."

"மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் வலையோட வருவோம். நீ கூப்பிட்டா அது வரும். கண்ணுக்குப் பின்னால பொட்டு இருக்கிறது எதுவோ அதைக் கழுத்தைத் திருகி கொடிக்கம்பத்துல கட்டித் தொங்க விடணும். பொய் சொன்னா என்ன ஆகும்னு எல்லாப் பறவையும் பாக்கட்டும்."

கூட்டம் கலைய ஆரம்பித்தது.

உடைந்த வள்ளங்களையெல்லாம் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பலவேசத்துக்கு ஒரே நேரத்தில் அவ்வளவு வேலை என்றுமே வந்ததில்லை. ஒவ்வொரு வள்ளத்துக்கும் பக்கத்தில் ஒரு சட்டிக் கீல் காய்ச்சி இறக்கி ஆற வைத்திருந்தான். நீலாயி அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே குந்தினாள்.

"அது பொய் சொல்லலை" என்றாள்.

பலவேசம் நார் திரிப்பதை நிறுத்தவில்லை.

"சீலா இருந்துது. போனவங்களே சொன்னாங்க, வலை தாங்காத அளவுக்கு இருந்துதுன்னு. காத்து வரும்னு கரையில இருந்த அத்தனையும் சொல்லிட்டு இருந்துது. ஒரு உள்ளான்கூடக் கடலைப் பாத்து உக்காரலை. நான்தான் பாக்கலை. எனக்கு இப்பத்தான் அது ஞாபகத்துக்கு வருது. கண்ணு முன்னால இருந்துது, நான் பாக்கலை."

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. ஏட்டி, எம்மூஞ்சியைப் பாரு. சொல்லாத. செத்தது தலைவரு மகன். நீ இதைச் சொன்னா பொழுது சாயுததுக்குள்ள நாம மூட்டையைக் கட்டணும். அது ஒரு காக்கா. அவ்வளவுதான்."

அவன் கெட்டவன் இல்லை. தன் வீட்டைப் பற்றி மட்டும் யோசித்தான், அந்த இடத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் யோசிப்பார்கள். நீலாயிக்கும் பயமாகத்தான் இருந்தது. அவள் எழுந்து மணல்மேட்டுக்குப் போனாள்.

அங்கே மச்சக்காரி அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது.

"ஏன் இன்னும் இங்க இருக்க? பறந்து போயேன். சாப்பிட்டு முடிச்சதும் வந்திருவாங்க" என்றாள் நீலாயி.

"போனா என்னன்னு சொல்லுவாக? பொய்க்காரி ஓடிட்டான்னு சொல்லுவாக. நான் பொய் சொன்னேனா மைனி?"

"இல்ல."

"மீனு எங்கன்னு கேட்டீங்க, சொன்னேன்."

"காத்து வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

காக்கை அவளை ஒரு கண்ணால் பார்த்தது. அப்புறம் தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது.

"அதைக் கரையே சொல்லிட்டு இருந்துச்சே மைனி. நீங்க பார்வைக்காரி. பாத்திருப்பீங்கன்னு நினைச்சேன்."

நீலாயிக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ அவளுக்கு அவ்வளவு வெட்கம் வந்ததில்லை.

"அவுக வரும்போது இதை மட்டும் சொல்லிருங்க. அது பொய் சொல்லலைன்னு ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை. அதுக்கப்புறம் நான் எங்கயாவது போயிக்கிடுதேன்" என்றது மச்சக்காரி.

"சொல்லுதேன்" என்றாள் நீலாயி. அந்த நேரத்தில் அவள் அதை மனதாரத்தான் சொன்னாள்.

இதையெல்லாம் கொஞ்சம் தள்ளி சலம்பி கேட்டுக்கொண்டு இருந்தது. ஒட்டுக் கேட்பதில் அதற்கு இணை கிடையாது. கேட்டு முடித்ததும் கூட்டத்தின் நடுவே போய் நின்றது.

"இந்தப் பொட்டுக்காரியை எனக்குப் பிடிக்காது. உங்களுக்கும் பிடிக்காது. இவளை நாம ஏசுவோம், கொத்துவோம், தள்ளி உக்காருவோம். அது நம்ம வீட்டுச் சண்டை. வலையைத் தூக்கிட்டு வாரவனுக்கு அதுல என்ன வேலை?" என்றது.

அப்படிச் சொல்லிவிட்டு சலம்பி கவிழ்த்துப் போட்ட முதல் வள்ளத்தின் பக்கம் இறங்கியது. அங்கே ஆறிக்கொண்டிருந்த கீல் சட்டியின் விளிம்பில் உட்கார்ந்தது. ஒரு தடவை நாலா பக்கமும் பார்த்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கழுத்துவரை தலையைச் சட்டிக்குள் முக்கி எடுத்தது.

ஊர் முழுவதும் சாப்பாட்டில் இருந்தது, பலவேசமும் கஞ்சியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போய்விட்டதால் பார்க்க வேறு யாரும் இல்லை. மேட்டில் நின்ற நீலாயி மட்டும் பார்த்தாள். சலம்பியின் பின்னால் இன்னொன்று இறங்கியது. அப்புறம் பத்து, அப்புறம் கரை முழுவதும் சிறகு. சட்டிக்குச் சட்டி வரிசை நின்றது. எப்போதும் ஒரு மீன் தலைக்காக அடித்துக்கொள்கிற கூட்டம், அன்று ஒன்றை ஒன்று தள்ளவில்லை. ஒவ்வொன்றாகக் கண்ணை மூடியது, முக்கியது, தலையை உதறியது, நகர்ந்து அடுத்ததற்கு இடம் விட்டது. நீலாயி வெகு காலத்துக்குப் பிறகு அன்றுதான் ஒரு பறவைக் கூட்டத்தை முழுதாகப் பார்த்தாள். கடைசியாக மச்சக்காரியும் மேட்டிலிருந்து இறங்கிப் போய் ஒரு சட்டியில் தலையை முக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் கலந்தது. இந்தத் தடவை பக்கத்திலிருந்தது எதுவும் தள்ளிப் போகவில்லை.

தலைவர் சாத்தப்பர் வலையோடும் ஆட்களோடும் வந்து நின்றார். மணலில் உட்கார்ந்திருந்த கடற்காக்கைகள் எல்லாவற்றுக்கும் கழுத்துவரை கருந்தவிட்டுத் தலை. கண்ணை மூடி முக்கியதால் கண்ணைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருந்தது. பொட்டு எங்கே என்று தேட வழியே இல்லை. ஒன்றுகூடக் கத்தவில்லை.

"என்ன கூத்து இது?" என்றார் தலைவர். அப்புறம் நீலாயியைப் பார்த்தார். "உனக்குத் தெரியும். நீ பார்வைக்காரி. கையில வச்சுச் சோறு போட்டவ. எதுன்னு காட்டு."

நீலாயி மேட்டிலிருந்து இறங்கினாள். கூட்டத்துக்குள் நடந்தாள். காக்கைகள் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தன. ஒரு தலையைப் பார்த்தாள், அடுத்த தலையைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் வேறு வேறாக இருந்தது. ஒன்றுக்கு அலகு நீளம், ஒன்று ஒற்றைக் காலை ஊன்றி நின்றது, ஒன்றின் கண்ணில் கோபம். சலம்பி மூச்சிரைத்தது, அதற்கு வயதாகிவிட்டது என்று நீலாயிக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது என்று எப்படி நினைத்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பொட்டே வைத்திருக்க வேண்டாம். சும்மா பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

தண்ணீர் ஓரத்தில் அது நின்றது. மெலிந்த உடம்பு, கொஞ்சம் சாய்ந்த கழுத்து. ஒரு கண்ணால் அவளைப் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. அது பயப்படவில்லை, காத்துக்கொண்டு நின்றது.

"எது?" என்றார் பின்னாலிருந்து தலைவர்.

அது பொய் சொல்லலை தலைவரே, நான்தான் பாக்கலை. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அப்போது பார்த்து நீலாயி ஊரைத் திரும்பிப் பார்த்தாள். தளவாயின் தாயார் நின்றாள். பலவேசம் கீல் அப்பிய கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவர்களுக்குப் பின்னால் அவளுடைய வீடும் கிணறும் தெரிந்தன.

"தெரியலையே தலைவரே. எல்லாம் ஒண்ணுபோல இருக்கு" என்றாள் நீலாயி.

தலைவர் வலையைக் கீழே போட்டார். ஒன்றைத் தெரியாமல் எல்லாவற்றையும் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. மகன் செத்த துக்கத்தில் இருந்தாரே தவிர அவர் கொடுமைக்காரர் இல்லை. "பொய்க்கார நாய், கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டு, மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

மச்சக்காரி நடந்து நீலாயியின் காலடிக்கு வந்தது. அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிப் பேசியது.

"உசுரைக் காப்பாத்திட்டீங்க மைனி. பேரை விட்டுட்டீங்களே."

அப்புறம் அது சிறகை விரித்தது. சலம்பி எழும்பியது, கூட்டம் முழுவதும் எழும்பியது. துறையை ஒரு சுற்றுச் சுற்றி, வடக்கே திரும்பிப் போய்விட்டது. அதுவரை வருஷம் முழுவதும் அங்கேயே கிடந்த கடற்காக்கைகளில் ஒன்றுகூட அன்று கரையில் மிஞ்சவில்லை.

நீலாயி அங்கேயே நின்றாள். கடைசிக் காக்கையும் கண்ணுக்கு மறைந்தபிறகு அவளுக்கு வாய் வந்தது. தலைவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய், ஊர் கேட்க, நடந்தது அத்தனையும் சொன்னாள். பலவேசம் தலையில் அடித்துக்கொண்டான்.

"அது நிக்கும்போதே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார் தலைவர்.

தானாகவே வந்து சொன்னதால் அவளை ஊரை விட்டு விலக்கவில்லை. விலக்கியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பார்வைக்காரி வேலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

வடக்கே போன காக்கைகள் பனியிலும் புல்லிலும் தலையைத் தேய்த்துத் தேய்த்துக் கீலைப் போக்கின. ஐப்பசி மழையோடு திரும்பி வந்தபோது தலை மறுபடி வெளுத்திருந்தது. ஆனால் காதுக்குள் இறங்கிய கீல் போகவில்லை. ஒவ்வொன்றின் கண்ணுக்குப் பின்னாலும் மச்சக்காரிக்கு வைத்தது போலவே ஒரு பொட்டு. நீலாயி கரைக்கு ஓடினாள்.

"மச்சக்காரி! நான் சொல்லிட்டேன். ஊருகிட்ட சொல்லிட்டேன். நீ பொய் சொல்லலைன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

பதில் வரவில்லை. காக்கைகள் கத்தின. வெறும் கத்தல், அதில் ஒரு சொல் இல்லை. மனிதரிடம் பேசுவதில்லை என்று அவை வடக்கே கூடி முடிவு செய்திருந்தன. மற்றப் பறவைகளும் அதற்குக் கட்டுப்பட்டுவிட்டன.

நீலாயி விடவில்லை. கூட்டத்துக்குப் பொதுவாகச் சொன்னால் அதற்குப் போய்ச் சேராது என்று நினைத்தாளோ என்னவோ, அது எது என்று கண்டுபிடித்து அதனிடமே சொல்ல வேண்டும் என்று தினமும் கரையில் நின்று பார்த்தாள். மெலிந்த உடம்பைத் தேடினாள், சாய்ந்த கழுத்தைத் தேடினாள். மாசி வந்தது. வெயில் ஏற ஏறக் காதுக்குள் கிடந்த கீல் இளகி, பொட்டு அகலமாகி, மெல்லத் தலை முழுவதும் பரவியது. தலை கறுத்ததும் அவற்றுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. பங்குனி முடிவதற்குள் எல்லாம் வடக்கே போய்விட்டன. அடுத்த ஐப்பசியில் அவள் மறுபடியும் வந்து நின்றாள். பார்த்த கண் மங்கும்வரை நின்றாள். அது வந்ததா, வந்து அவள் எதிரிலேயே நின்றதா, அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று முதல்தான் கடற்காக்கைக்கு மாசி வெயிலில் தலை கறுக்கிறது, கறுத்த தலையோடு அது நம் கரையை விட்டுப் போய்விடுகிறது. துறைகளில் மாசிக் காலையில் சிலர் வேலையை விட்டுவிட்டு, பேசாமல் நின்று, பறவைகளை ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருப்பதும் அன்று முதல்தான். எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது.